வெற்று எடை

திங்கள் முதல் சனி வரை
ராணிப்பேட்டை சிப்காட் முனையில்
லாரிகளுக்கு எடை போடுகிறவள் நான்.
வெற்று எடை, சரக்கு எடை,
கழித்தால் வருவது கணக்கு.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தால்
சண்டை போடாமல் போவார்கள்,
ஜல்லிக்காரர்கள் தவிர.

ஞாயிறு எனக்கு விடுமுறை.
பசிக்கு இல்லை.

விடியலில் வேலூர்க் கோட்டையைச் சுற்றி நடை.
அகழித் தண்ணீர் இன்னும் எழுந்திருக்கவில்லை.
கூட நடப்பவர்களில் பாதிப் பேர்
இரண்டாம் சுற்று முடிந்ததும்
மெதுவடைக்கு வரிசையில் நிற்கிறார்கள்.
நடந்ததற்குக் கூலி என்கிறார்
வணிகவரி ஆபீஸ் ஏகாம்பரம்.
நான் கைப்பையைத் திறந்து
வேகவைத்த கொண்டைக்கடலையை
எண்ணி எண்ணித் தின்றேன்.
இருபத்தேழாவது கடலையில்
அடுத்த ஈடு வடை எண்ணெயில் விழும் சத்தம்.
அதோடு எண்ணிக்கை தவறிவிட்டது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில்
‘மதியம்: சோறு ஒரு கைப்பிடி’ என்றிருக்கிறது.
யார் கை என்று இல்லை.
எழுதிய பெண்ணுக்குக் குருவிக் கை.
என் வீட்டுக்காரர் பரந்தாமன் கையை
அளவாக வைத்துக்கொள்ளலாமா என்றேன்.
சிரித்தாள்.
தாளைத் திருத்தவில்லை.

இலவம்பாடி முள் கத்திரிக்காய் அரைக் கிலோ.
காம்பு முள் கட்டைவிரலில் ஏறியது.
மற்ற ஞாயிறுகளில் எண்ணெயில் நீந்தும் காய்
இன்று கால் மட்டும் நனைத்துக்கொண்டது.
பக்கத்தில் கேழ்வரகுக் களி,
முருங்கைக்கீரை.
மகன் நிதர்சன் மூடியைத் தூக்கிப் பார்த்து
‘இது எல்லாருக்குமாம்மா?’ என்றான்.
எனக்கு மட்டும் என்றதும்
அவன் முகத்தில்
மே மாதத்தில் மழை பெய்த மாதிரி ஒரு குளிர்ச்சி.

ஒன்றரைக்கு அழைப்புமணி.
பக்கத்து வீட்டு ஷமீமா
ஆம்பூரில் அண்ணன் பேரனுக்குப் பேர் வைத்தார்களாம்,
எவர்சில்வர் டப்பா நிறைய
சீரகச் சம்பா பிரியாணி.
மூடியைத் திறக்கும் முன்பே
வீடு அவர்கள் பக்கம் போய்விட்டது.

‘இன்னாத்துக்கு இந்தத் தவம்?
ஒரு வாய் துன்னா இன்னா ஆயிடும்?’
என்கிறார் பரந்தாமன்.
இருபது டன் ஜல்லியும்
கூடை கூடையாய்த்தான் ஏறுகிறது,
எனக்குத் தெரியாதா.

கத்திரிக்காய்த் தொக்கு மட்டும் போதும் என்றேன்.
என் தட்டில் இருந்த அதே காய்தான்,
அங்கே எள்ளும் புளியும் எண்ணெயும்
வயிறாரக் குடித்திருந்தது.
பிறகு ஒரு துண்டு கறி.
அதற்குத் துணையாய் இன்னொன்று.
சோற்றில் விரல் பட்டது.
பட்டதை நான் தட்டிவிடவில்லை.

சாயங்காலம்
செல்போன் சார்ஜரை மறந்துவிட்டேன் என்று சொல்லி
எடைமேடைக்கு வண்டியை விட்டேன்.
சார்ஜர் வீட்டில்தான் இருந்தது.
ஆளில்லாத முற்றம்,
தோல் தொழிற்சாலை வாடை,
காவல்கார நாய்க்கு என்னைத் தெரியும்.
பெட்டியை முடுக்கிவிட்டு
லாரி நிற்கும் இரும்புத் தகட்டின் நடுவில்
செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.
ஜன்னல் வழியே சிவப்பில் எரிந்தது:
80.

ஆனி மாதம் எண்பத்துநாலேகாலில் நின்றபோதும்
இதே 80.
இன்று காலை வீட்டு மெஷின் காட்டியது
எழுபத்தெட்டரை.
பத்துப் பத்தாய் எண்ணும் பெரிய மனசு அதற்கு,
என் ஐந்தேமுக்கால் கிலோ
சக்கரத்தில் ஒட்டிய சேறு.
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன்.
எண் அசையவில்லை.

வெற்று எடை என்று நாங்கள் எழுதுவதில்
ஓட்டுநர் இருக்கிறார்,
அவர் மதியச் சாப்பாட்டுத் தூக்கு இருக்கிறது,
எலுமிச்சம்பழம் கோத்த கயிறு இருக்கிறது.
யாரையும் இறங்கச் சொல்வதில்லை.

ராத்திரி மோரும் வெள்ளரிப் பிஞ்சும்.
பத்தரைக்கு மறுபடி பசித்தது.
ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு
ஷமீமாவின் டப்பாவைத் தேய்த்தேன்.
வெறும் டப்பாவைத் திருப்பித் தர மனசு வரவில்லை.
மிச்சமிருந்த முள் கத்திரிக்காய் நான்கை
துடைத்துப் போட்டு மூடினேன்.